இரத்தத்தில் கிருமி வளரவில்லை என்றால் நோய் இல்லை என்றா பொருள்?

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. கொழுந்து பறிக்கும் அவருடைய தாயாருக்குக் காய்ச்சல் கண்டது. முதல் நான்கு நாளும் தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த அமொக்சிசிலினையும் பனடோலையும் விழுங்கியிருக்கிறார். ஐந்தாம் நாள் ஆதார வைத்தியசாலையில் சேர்த்தார்கள். ஆறாம் நாள் செய்த டெங்குப் பரிசோதனை ‘நெகட்டிவ்’ என்று வந்தது. போத்தலில் எடுத்த இரத்தத்தில் இரண்டு நாள் கழித்தும் ‘வளர்ச்சி இல்லை’ என்றே எழுதியிருந்தார்கள். அப்படியிருந்தும் வைத்தியர் டொக்சிசைக்கிளின் என்ற மருந்தைத் தொடங்கினார். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது, இரண்டு கிழமை கழித்து மறுபடி இரத்தம் கொடுக்க வரும்படி சொல்லியிருக்கிறார்கள். கிருமியே இல்லையென்று ஆய்வுகூடம் சொன்ன பிறகு மருந்து எதற்கு, சுகமான பிறகு இரத்தம் எதற்கு என்பது அவர் கேட்பது.

மலையக வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், பதிலின் அடிப்படையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பரிசோதனை முடிவின் பாதி நோயாளியின் கட்டிலருகிலேயே தீர்ந்துவிடுகிறது. காய்ச்சலின் எத்தனையாம் நாளில் மாதிரி எடுத்தார்கள், அதற்கு முன் என்ன மருந்து உள்ளே போயிருந்தது, எவ்வளவு எடுத்தார்கள், எப்படி அனுப்பினார்கள் என்பவை மாறினால், அதே நோய்க்கு அதே இயந்திரம் வேறு விடை தரும். ஆகவே ‘வளர்ச்சி இல்லை’ என்ற அறிக்கையை, இந்த நாளில் எடுத்த இந்த மாதிரியில், இந்த முறையால் வளரக்கூடிய எதுவும் கிடைக்கவில்லை என்று வாசிக்க வேண்டும். அதற்கு மேல் அந்தத் தாள் எதையும் சொல்லவில்லை.

முதலில் அந்தப் போத்தலைப் பார்ப்போம். இரத்த வளர்ப்பு, அதாவது வாட்டில் எல்லோரும் ‘பிளட் கல்ச்சர்’ என்று சொல்வது, இரத்த ஓட்டத்தில் உயிருள்ள பற்றீரியா இருக்கிறதா என்று தேடும் முறை. வளர்ந்த ஒருவருக்கு ஒரு போத்தலுக்கு 8 முதல் 10 மில்லிலீற்றர் இரத்தம் வேண்டும். இயன்றால் இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி எடுக்க வேண்டும். நம் பெண்களில் பலர் இரத்தசோகை உள்ளவர்கள் என்பதால், “இருக்கிற இரத்தத்தையும் உறிஞ்சிவிடுகிறார்களே” என்று உறவினர் மனம் பதைப்பதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் கடுமையான தொற்றிலும் வளர்ந்தவர் ஒருவரின் ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஒரு பற்றீரியா கூட இல்லாதிருக்கலாம். இரண்டு மில்லிலீற்றரை எடுத்து அனுப்பிவிட்டு முடிவை எதிர்பார்ப்பது, ஒரு மூடை அரிசியில் கல் கிடக்கிறதா என்று அறிய ஒரு பிடியை மட்டும் புடைத்துப் பார்ப்பதற்குச் சமம். தோலை அற்ககோலாலும் குளோரெக்சிடீனாலும் துடைத்து, அது உலரும்வரை காத்திருந்து ஊசி ஏற்றுவதற்கும் காரணம் உண்டு. உலராத தோலில் இயல்பாக வாழும் ஸ்டபிலோகொக்கசு என்ற பற்றீரியா ஊசியோடு போத்தலுக்குள் போய்விட்டால், இல்லாத நோய்க்கு மருந்து கொடுக்க நேரும். இரண்டு போத்தலில் ஒன்றில் மட்டும் அந்த வகை வளர்ந்தால் பெரும்பாலும் அது தோலிலிருந்து வந்ததென்றே கருதுவோம். இரண்டு இடங்களில் குத்துவதன் பயன் அங்கேதான் தெரிகிறது.

போத்தலுக்குள் போசணைத் திரவமும், இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளும் இருக்கின்றன. தன்னியக்க இயந்திரம் உள்ள வைத்தியசாலையில் போத்தலை ஏறத்தாழ 35 பாகை செல்சியசில் வைத்துச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அடிப்பகுதியை ஒளியால் வாசிப்பார்கள். பற்றீரியா பெருகும்போது வெளிவிடும் காபனீரொட்சைட்டு அங்குள்ள உணரியின் நிறத்தை மாற்றும். உடனே இயந்திரம் மணி அடிக்கும். மெய்யான தொற்றுகளில் பெரும்பாலானவை 48 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். மீதியைத் தவறவிடாமலிருக்க ஐந்து நாள் வைத்திருப்பது வழக்கம். இரண்டாம் நாளில் வருவது இடைக்கால அறிக்கை, ஐந்தாம் நாளில் வருவதே இறுதி அறிக்கை. இயந்திரம் இல்லாத இடத்தில் போத்தலின் கலங்கலைக் கண்ணால் பார்த்து, அதிலிருந்து அவ்வப்போது எடுத்துத் தட்டில் பூசிப் பார்க்க வேண்டியிருப்பதால் ஏழு நாள் வரை செல்லும்.

மணி அடித்த பிறகு நடப்பது, என் கணக்கில், ஆய்வுகூடத்தின் மிகப் பெறுமதியான அரை மணி நேரம். போத்தலிலிருந்து ஒரு துளியை எடுத்துக் கண்ணாடி வழுக்கியில் பரப்பி, 1884 இல் டென்மார்க்கைச் சேர்ந்த கிராம் வெளியிட்ட முறைப்படி சாயமேற்றுகிறோம்: முதலில் ஊதாச் சாயம், பிறகு அயடீன், அதன்மேல் அற்ககோல், கடைசியில் செஞ்சாயம். தடித்த சுவருள்ள பற்றீரியா ஊதாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய சுவருள்ளவை அற்ககோலில் அதை இழந்து இளஞ்சிவப்பாகும். நுணுக்குக்காட்டியில் எண்ணெய்த் துளி வைத்துப் பார்க்கையில், கொத்துக் கொத்தான ஊதாக் கோளங்கள் தெரிந்தால் ஸ்டபிலோகொக்கசு என்றும், மாலைபோல் கோத்திருந்தால் ஸ்ட்ரெப்டோகொக்கசு என்றும், இளஞ்சிவப்புக் கோல்கள் தெரிந்தால் குடலிலோ சிறுநீர்ப்பாதையிலோ இருந்து வந்த ஈ. கோலை போன்ற வகை என்றும் ஊகிக்கலாம். பெயர் இன்னும் முழுதாகத் தெரியாவிட்டாலும், அந்த நேரமே வாட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவோம். மருந்தை மாற்றும் முடிவுகள் பல அந்த அழைப்பிலேயே எடுக்கப்படுகின்றன. தாளில் வரும் அறிக்கைக்காக எந்த நல்ல வைத்தியரும் காத்திருப்பதில்லை.

பெயரும் மருந்தும் தெரிய மேலும் இரண்டு நாள் ஆவது ஏன் என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஈ. கோலை நல்ல சூழலில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று எட்டு மணி நேரத்தில் 24 முறை இரட்டித்து ஒரு கோடியே 67 இலட்சம் ஆகும். அப்போதுதான் தட்டில் கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாகத் திரளத் தொடங்கும். ஆகவே முதல் இரவு, பற்றீரியாவுக்கு உணவூட்டும் கூழான ஏகாரில் இரத்தம் கலந்த தட்டிலும் மக்கொங்கி என்ற இன்னொரு வகைத் தட்டிலும் வளர்வதற்குப் போகிறது. மறுநாள் மக்கொங்கியில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் இருந்தால் லக்டோசு என்ற பால் வெல்லத்தை நொதிக்கச் செய்யும் வகையென்று தெரியும். அதன் பிறகு வேறு சில இரசாயனச் சோதனைகளால் பெயர் உறுதியாகும். இரண்டாவது இரவு மருந்துக்குரியது. ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ 15 கோடி பற்றீரியா இருக்குமாறு கலங்கலைச் சரிசெய்து, முல்லர்–ஹின்டன் ஏகார் மேல் பஞ்சுக் குச்சியால் மூன்று திசையிலும் பூசி, மருந்தூறிய 6 மில்லிமீற்றர் தாள் வட்டுகளை அதன்மேல் வைக்கிறோம். விடிந்ததும் ஒவ்வொரு வட்டைச் சுற்றியும் பற்றீரியா வளராத தெளிந்த வளையத்தை அளவுகோலால் அளந்து, அட்டவணையோடு ஒப்பிட்டு ‘எஸ்’ (மருந்து கேட்கும்), ‘ஐ’ (இடைநிலை), ‘ஆர்’ (கேட்காது) என்று எழுதுகிறோம். வட்டை ஒட்டியே பசுமையாக வளர்ந்திருந்தால் அந்த மருந்து அவருக்குப் பயன்படாது. வளையம் பெரிதாக இருக்கும் மருந்தே சிறந்த மருந்தென்று சிலர் அறிக்கையை வாசிக்கிறார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் எல்லை வேறு என்பதால் அந்த ஒப்பீடு செல்லாது.

உங்கள் தாயாரின் போத்தலில் எதுவும் வளராததற்கு இரண்டு காரணங்கள் இருந்திருக்கலாம். ஒன்று, நான்கு நாள் விழுங்கிய அமொக்சிசிலின். இரத்தத்தில் மருந்து இருக்கும்போது எடுத்த மாதிரியில் உணர்திறனுள்ள பற்றீரியா எழும்ப முடியாமல் போகலாம். சில வகைப் போத்தல்களில் மருந்தை உறிஞ்சும் பிசின் இருந்தாலும் அது முழுமையான பரிகாரம் அல்ல. டிஸ்பென்சரியை நான் குறை சொல்ல வரவில்லை, அங்கே போத்தலும் இல்லை, இயந்திரமும் இல்லை. ஆனால் வைத்தியசாலையில் சேர்க்கும்போது எந்த மாத்திரையை எத்தனை நாள் விழுங்கினார் என்பதைச் சொல்லாமல் விடுவது பெரும் இழப்பு. மாத்திரை அட்டையைக் கசக்கி எறியாமல் கொண்டுவந்து காட்டினாலே போதும். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது: அந்தப் போத்தலில் எக்காலமும் வளராத நோய்க்கிருமிகள் மலையகத்தில் சில உண்டு.

வைரசு அவற்றில் ஒன்று என்பது யாவரும் அறிந்ததே. வைரசு பெருக உயிருள்ள கலம் வேண்டும். போசணைத் திரவம் எவ்வளவு இருந்தும் அதற்குப் பயனில்லை. ஆகவே வைரசை மூன்று வழியில் தேடுகிறார்கள்: அதன் புரதத் துண்டை, அதன் மரபுப் பொருளை, அல்லது அதற்கு எதிராக நம் உடல் செய்த பிறபொருளெதிரியை. இந்த மூன்றும் ஒரே நாளில் இரத்தத்தில் இருப்பதில்லை, டெங்குப் பரிசோதனையின் சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது. என்.எஸ்.1 என்ற புரதம் காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே தெரியும், ஆனால் ஐந்தாம் நாளுக்குப் பிறகு மங்கும். முன்பு ஒருமுறை டெங்கு கண்டவருக்கு அதற்கும் முன்னரே மறையலாம். ஐ.ஜி.எம். பிறபொருளெதிரி நான்காம் ஐந்தாம் நாளில்தான் எழும்பத் தொடங்கும். ஆறாம் நாளில் என்.எஸ்.1 மட்டும் செய்து ‘நெகட்டிவ்’ என்று வந்தால், அதை வைத்து டெங்கு இல்லையென்று எழுத முடியாது. அந்த நாளில் ஐ.ஜி.எம். கேட்டிருக்க வேண்டும், அல்லது வாட்டில் செய்வதுபோல எஃப்.பி.சி. என்ற முழு இரத்த எண்ணிக்கையை நாளுக்கு நாள் பார்த்து, வெண்குழியமும் குருதிச் சிறுதட்டும் இறங்குகின்றனவா, இரத்தத்தில் செங்குழியங்களின் பங்கைக் காட்டும் பி.சி.வி. ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். டெங்குக் காய்ச்சலில் உயிரைக் காப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கவனிப்புத்தான்.

டெங்கு மலைக்கு வராது என்ற நம்பிக்கை தோட்டங்களில் இன்னும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிர் நுளம்புக்கு உகந்ததல்ல என்பது சரி. ஆனால் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு சந்தேகத்துடன் பதிவான 2017 போன்ற ஆண்டில், கொழும்பில் கடை வேலை பார்த்துவிட்டுத் தீபாவளிக்கு வீடு வரும் பிள்ளை நோயைத் தன் உடம்பிலேயே கொண்டுவந்துவிடுவான். ஆகவே கடந்த இரண்டு கிழமையில் எங்கே இருந்தீர்கள் என்று தாதி கேட்கும்போது ‘வீட்டில்தான்’ என்று சொல்லிவிட வேண்டாம்.

மரபுப் பொருளைத் தேடும் பி.சி.ஆர். என்ற சொல்லை 2020 ஆம் ஆண்டு லயத்து வாசல்வரை கொண்டுவந்துவிட்டது. 1983 இல் கரி மல்லிஸ் கண்ட இந்த முறையில், தேடும் துண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிக்கிறது. 40 சுற்றில் ஒன்று, கணக்கின்படி, ஒரு இலட்சம் கோடிக்கு மேல் ஆகும். அவ்வளவு கூர்மை இருப்பதால்தான் கிருமி இறந்த பின்னும் அதன் சிதறல்களைக் கிழமைக் கணக்கில் அது காட்டிக்கொண்டிருக்கும். தொண்டையிலும் மூக்கிலும் எடுக்கும் குச்சி மரத்தாலானதாக இருந்தால் பி.சி.ஆர். இரசாயனத் தாக்கமே தடைப்படலாம் என்பதால் செயற்கை நார்க் குச்சியைத்தான் பயன்படுத்த வேண்டும். எடுத்த குச்சி உரிய திரவத்தில், 2 முதல் 8 பாகைக் குளிரில் பயணிக்க வேண்டும். ஹட்டனிலிருந்து கண்டிக்கு வளைந்து வளைந்து இறங்கும் வீதியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் செல்கிறது. குளிர்ப்பெட்டியில் ஐஸ் இருக்கிறதா என்று பார்ப்பதும் பரிசோதனையின் ஒரு பகுதியே.

எல்லா மாதிரிக்கும் குளிர் நல்லதென்று இதை வைத்து எண்ணிவிடக்கூடாது. சிறுநீரை இரண்டு மணி நேரத்துக்குள் பரிசோதிக்க முடியாவிட்டால் குளிரில் வைக்க வேண்டும், இல்லையேல் வழியிலேயே பற்றீரியா பெருகி, இல்லாத தொற்றைக் காட்டும். ஆனால் இரத்தப் போத்தலைக் குளிரூட்டியில் வைக்கக்கூடாது. மூளைக்காய்ச்சல் சந்தேகத்தில் முதுகில் எடுக்கும் திரவத்தை அறவே குளிரவிடக்கூடாது, ஏனெனில் அந்த நோயை உண்டாக்கும் பற்றீரியாவில் சில குளிரில் மடிந்துவிடும். உறைபனி படியும் தை, மாசி இரவுகளில் நுவரெலியாவில் அந்தச் சிறு குழாயைக் கையில் பொத்தி எடுத்துக்கொண்டு ஓடிவரும் சிற்றூழியர்களை நான் மதிப்போடு நினைவுகூர்கிறேன். துரிதப் பரிசோதனைக் கருவிகளிலும் இதே தொல்லை உண்டு: பெரும்பாலானவற்றை 15 பாகைக்கு மேல்தான் பயன்படுத்த வேண்டும், குளிரூட்டியிலிருந்து எடுத்தவுடன் துளி விட்டால் கோடு விழாமலே போகலாம்.

இப்போது உங்கள் தாயாரின் காய்ச்சலுக்கு வருகிறேன். நாட்டின் மத்திய மலைப்பகுதியில் உண்ணிகளால் பரவும் றிக்கெற்சியாக் காய்ச்சல் நெடுங்காலமாக இருந்து வருகிறது. தேயிலை நிரைகளுக்குள்ளும் புதர் ஓரங்களிலும் நாள் முழுவதும் நிற்பவர்களுக்கு அது வரும் வாய்ப்பை எந்த வைத்தியரும் மனத்தில் வைத்திருப்பார். றிக்கெற்சியாவும் பற்றீரியாதான், ஆனால் அது கலத்துக்கு வெளியே வாழாது. இரத்தக் குழாய்களின் உட்சுவர்க் கலங்களுக்குள் புகுந்து அங்கேயே பெருகும். ஆகவே இரத்தப் போத்தலில் ஐந்து நாள் என்ன, ஐந்து மாதம் வைத்தாலும் வளராது. அமொக்சிசிலினும் அதை ஒன்றும் செய்யாது. டொக்சிசைக்கிளின் கலத்துக்குள் நுழைந்து அதன் புரத ஆக்கத்தை நிறுத்துவதால், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். உடம்பிலும் உள்ளங்கையிலும் பாதத்திலும் செந்தடிப்பு இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் வைத்தியர் அதைப் பார்த்தே முடிவெடுத்திருப்பார். இந்த நோயில் ஆய்வுகூடத்துக்காகக் காத்திருப்பது ஆபத்து. உங்கள் வைத்தியர் காத்திராமல் மருந்து தொடங்கியது சரியான செயல் என்றே நான் கருதுகிறேன்.

எலிக்காய்ச்சலையும் அவர் எண்ணியிருப்பார். கான் (வடிகால்) வெட்டுபவர்களுக்கும் மரக்கறித் தோட்டத்துச் சேற்றில் நிற்பவர்களுக்கும் வரும் நோய் அது. 2008 இல் நாட்டில் அது பெரிதாகப் பரவியபோது மாத்தளை மாவட்டமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அதன் கிருமி முதல் கிழமையில் இரத்தத்தில் இருக்கும், அப்போது பி.சி.ஆர். உதவும், அதன் பிறகு சிறுநீருக்குப் போய்விடும், அப்போது பிறபொருளெதிரியைத்தான் தேட வேண்டும். விசேட ஊடகத்தில் அதை வளர்க்கலாம், ஆனால் அதற்குக் கிழமைகள், சிலவேளை மாதங்கள் ஆகும். டொக்சிசைக்கிளின் அதற்கும் கேட்கும் என்பதால், ஒரே மருந்தால் இரண்டு சந்தேகத்துக்கும் ஈடுகொடுத்திருக்கிறார்.

இதற்கு நேர்மாறாக, முதல் நாளிலேயே தெளிவான விடை தரும் நோயும் உண்டு. 2007 இல் கம்பளைப் பகுதியில் பரவிய ஹெபடைட்டிஸ் ஏ செங்கண்மாரியில், கண் மஞ்சளாகும் வேளையில் ஐ.ஜி.எம். ஏற்கெனவே எழும்பியிருக்கும்; நோய் உடம்பில் புகுந்து ஏறத்தாழ நான்கு கிழமை கழித்துத்தான் அறிகுறியே தெரிவதால், பிறபொருளெதிரிக்கு வேண்டிய காலம் அதற்குள் கடந்துவிடுகிறது.

றிக்கெற்சியாவில் அந்த வசதி இல்லை. பிறபொருளெதிரி பெரும்பாலும் இரண்டாம் கிழமையில்தான் அளவிடத்தக்க அளவுக்கு எழும்பும். ஆறாம் நாளில் எடுத்த இரத்தத்தில் அது இல்லாதிருப்பது இயல்பு. சிறிதளவு இருந்தாலும், அது இந்தக் காய்ச்சலுக்கு உரியதா, பல ஆண்டுக்கு முன் தானாகத் தீர்ந்துபோன ஒரு காய்ச்சலின் மிச்சமா என்று ஒரு மாதிரியை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே இரண்டு மாதிரி வேண்டும். சோதனையில், றிக்கெற்சியா புகுந்த கலங்களை வழுக்கியில் ஒட்டி, நோயாளியின் இரத்தப் பாயத்தை, அதாவது உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீரை, 64 மடங்கு, 128 மடங்கு, 256 மடங்கு என்று ஐதாக்கி அதன்மேல் விட்டு, கழுவி, ஒளிரும் சாயம் இணைத்த இன்னொரு பிறபொருளெதிரியைச் சேர்க்கிறார்கள். இருட்டறையில் விசேட நுணுக்குக்காட்டியால் பார்க்கையில், நோயாளியின் பிறபொருளெதிரி ஒட்டிய இடமெல்லாம் பச்சையாக ஒளிரும். முதல் மாதிரி 64 மடங்கில் ஒளி மங்கி, இரண்டாவது 256 மடங்கிலும் ஒளிர்ந்தால், நான்கு மடங்கு ஏற்றம். அது இந்தக் காய்ச்சல்தான் என்பதற்குரிய சான்று.

ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும், பஸ் காசும் செலவாகும், சுகமானவரை எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்று பலர் இந்த இரண்டாம் இரத்தத்துக்கு வருவதில்லை. தாயாருக்கு அதனால் இனி வேறு மருந்து தேவைப்படப்போவதில்லை என்பதும் உண்மைதான். ஆயினும் நோய் உறுதியானால், அதே மலையில் கொழுந்து பறிக்கும் அடுத்தவருக்குக் காய்ச்சல் வரும்போது வைத்தியர் முதல் நாளிலேயே சரியான மருந்தை நினைப்பார். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் எந்தத் தோட்டம் என்று தெரியவரும். போகும்போது வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. வைத்தியசாலையில் தந்த நோய் நிர்ணய அட்டையைக் கட்டாயம் கொண்டுபோங்கள், காய்ச்சல் தொடங்கிய திகதி அதில் இல்லாவிட்டால் நீங்களே சொல்லி எழுதுவியுங்கள், ஏனெனில் படிவத்தில் அந்த ஓர் இடத்தைத்தான் பெரும்பாலும் வெற்றாக விட்டு அனுப்புகிறார்கள். வாட்டில் எடுத்த முதல் இரத்தப் பாயத்தை ஆய்வுகூடம் எறிந்திருக்காது. நாளுக்கு நாள் சாயமும் வாசிப்பவர் கண்ணும் சற்று மாறக்கூடும் என்பதால், இரண்டாவது வந்து சேரும்வரை அதை உறைநிலையில் வைத்திருந்து, இரண்டையும் ஒரே நாளில், ஒரே வழுக்கியில் பக்கம் பக்கமாக வைத்தே வாசிப்பார்கள்.